தகர வேலிக்குள் போன ஊற்று

காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தம்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. சமையல் எண்ணெய் தீர்ந்துபோன மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேன்கள் நான்கைக் கயிற்றில் கோத்து, ஸ்கூட்டரின் பின்னிருக்கைக்கு இரு புறமும் அப்பா தொங்கவிடுவார். அவை ‘டொம்மு டொம்மு’ என்று அடித்துக்கொள்ளும் ஓசை ஜன்னல் வழியாக வந்து காதில் விழுந்ததுமே, பள்ளிக்கூட நாட்களில் போர்வையை உருவினாலும் எழாத நான், பல்லைத் தேய்த்தும் தேய்க்காமலும் மாடிப்படிகளில் இறங்கி ஓடிவிடுவேன். விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்கிற பயம். அவர் ஒரு நாளும் விட்டுவிட்டுப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக்கில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் ஊழியர் குடியிருப்பில் எங்கள் வீடு இருந்தது. மாதாப்பூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நகரத்தின் அந்த மூலையில் நடப்பதெல்லாம் தென்கிழக்கு மூலையில் இருந்த எங்களுக்குச் செய்தித்தாள் சமாசாரம்தான். எங்கள் கவலை குழாய்த் தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்; அதுவும் போர்வெல் தண்ணீர் கலந்து வரும். டம்ளரில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்த என் அம்மா அந்தத் தண்ணீரோடு கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. “இந்தத் தண்ணியில பருப்பு வேவ மாட்டேங்கு, காப்பி காப்பி மாதிரி இல்ல, தலைமுடி தும்பு தும்பாக் கொட்டுது” என்று குக்கரின் ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு குறை சொல்லுவாள். ஒரு நாள் அப்பாவோடு வேலை பார்க்கும் யாரோ, ஊருக்கு வெளியே சாலையோரம் ஓர் ஊற்று இருக்கிறது, அள்ள அள்ள வருகிறது, சர்க்கரை மாதிரி இருக்கிறது என்று சொல்ல, அப்பா ஒரே ஒரு பாட்டிலில் பிடித்துவந்து கொடுத்தார். அம்மா அதில் பருப்பு போட்டாள். அன்றைக்குக் குக்கர் விசில் அடித்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் நான்கு கேன்கள் புறப்பட்டுவிட்டன.

குடியிருப்பின் வாயிலைத் தாண்டினால் முள்கம்பி சுற்றிய தொழிற்சாலை மதில் முடிவே இல்லாமல் கூடவே வரும். அது முடிகிற இடத்தில், முதல் நாள் பிரியாணி வைத்த பெரிய பெரிய தேக்சாக்களைத் தெருவிலேயே கவிழ்த்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும் ஓட்டல்கள் வரும். பிறகு வீடுகள் குறைந்துகொண்டே போய்ப் பாறைகள் ஆரம்பிக்கும். ஹைதராபாத்தின் பாறைகளைப் பார்க்காதவர்களுக்கு அவற்றை எப்படிச் சொல்வது? யானை அளவில் ஒன்று, அதன் மேல் எருமை அளவில் ஒன்று, அதற்கும் மேலே விழுந்துவிடும்போல ஆட்டுக்குட்டி அளவில் ஒன்று என்று, விளையாடிக்கொண்டிருந்த யாரோ பாதியில் எழுந்து போய்விட்டதைப்போல நிற்கும். ஸ்கூட்டரின் முன்னால், அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவில் நின்றபடி, காற்றில் வாயைத் திறந்து “ஆ...” என்று கத்திக்கொண்டே நான் போவேன், கத்தல் காற்றில் உடைந்து உடைந்து வருவது எனக்குப் பெரிய வேடிக்கை.

அப்படியோர் அடுக்கின் காலடியில், சாலையை ஒட்டியே, ஊற்று இருந்தது. பாறையில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பில் யாரோ எந்தக் காலத்திலோ ஓர் இரும்புக் குழாயைச் செருகிச் சிமெண்ட் பூசி வைத்திருந்தார்கள். சுட்டு விரல் பருமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். இரவும் பகலும் யாரும் திறக்காமல், யாரும் மூடாமல் தண்ணீர் வருகிற ஒரு குழாயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மே மாதத்தில்கூடக் கையை நீட்டினால் விரல் நுனி சிலிர்க்கும். தெலுங்கு பேசுகிறவர்கள் அதை ‘ஊட்ட’ என்றார்கள், உருது பேசுகிறவர்கள் ‘ஜர்னா’ என்றார்கள், வீட்டில் அம்மா ‘ஊத்து’ என்றாள். பாறையில் ஒரு பக்கம் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும், இன்னொரு பக்கம் ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்து கிடக்கும்.

ஆட்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள், குடங்கள்தான் நிற்கும். பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், பெயின்ட் வாளி, எங்கள் மஞ்சள் கேன்கள் என்று சாலையோரம் வளைந்து நெளிந்து ஒரு வரிசை. குடத்துக்குச் சொந்தக்காரர்கள் பாறை நிழலில் உட்கார்ந்து உலக விவகாரம் பேசுவார்கள். வழியில் போகிற யாராவது தாகம் என்று வண்டியை நிறுத்தினால் குடங்கள் காத்திருக்க வேண்டும், தாகத்துக்குத்தான் முதல் உரிமை. இந்தச் சட்டத்தையெல்லாம் எழுதி வைக்கத் தேவையிருக்கவில்லை, ஏனென்றால் ரஸியா ஆன்ட்டி இருந்தார்.

ரஸியா ஆன்ட்டிக்கு, ஊற்றுக்கு எதிரே சாலையின் மறுபுறம் வீடு. துணி தைப்பவர், கழுத்தில் அளவெடுக்கும் நாடா எந்நேரமும் மாலைபோலக் கிடக்கும். வரிசையை மீறி யாராவது குடத்தை முன்னால் தள்ளினால், திரும்பிக்கூடப் பார்க்காமல், “கைக்கு தகேல்ரீ? சப்கூ மில்தா பானி!” என்பார். ஏன் தள்ளுகிறாய், எல்லாருக்கும் கிடைக்கும் என்று அர்த்தம். அந்த ‘கைக்கு’வில் இருந்த அதட்டலும் அன்பும் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டு திரிவேன். அம்மா தோசை வேண்டுமா என்று கேட்டால், ஆமாம் என்பதற்கு “ஹவ்” என்பேன். இன்னொன்று போடட்டுமா என்றால் “நக்கோ” என்பேன். “வீட்டுக்குள்ள தமிழ் பேசுட்டி, இல்லன்னா தோசை கெடையாது” என்று கரண்டியோடு மிரட்டுவாள் அம்மா.

ஆனால் வீட்டுக்கு வெளியே அவளுக்கு நான் பேசுகிற அந்த மொழிகள் வேண்டியிருந்தன. அம்மாவுக்குத் தெலுங்கும் வரவில்லை, இந்தியும் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது என்பதுதான் சரி. காய்கறிக்காரரிடம், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம், என் வகுப்பு ஆசிரியையிடம்கூட, அம்மா சொல்வதை நான்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் மூன்று வாக்கியம் பேசினால் நான் ஒரு வாக்கியமாக்கிக் கொடுப்பேன். அவள் கோபமாகச் சொன்னது என் வாய் வழியாக வரும்போது பாதி ஆறியிருக்கும். “நான் சொன்னத அப்படியே சொன்னியாட்டி?” என்று சந்தேகமாகக் கேட்பாள். “அப்படியேதான்மா” என்பேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு, பெரியவர்கள் இரண்டு பேரும் தன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பதைவிடப் பெருமை வேறென்ன இருக்க முடியும்?

அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவை அலுவலக வேலையாகக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர், என்ன வேலை என்று அவர் சொல்ல மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம். அது எங்கள் குடியிருப்பில் எல்லா வீடுகளிலும் இருந்த பழக்கம். அவர் இல்லாத அந்த நாட்களில்தான் சித்தியின் வளைகாப்பு வந்தது. சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. சித்தப்பாவுக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை; மாதாப்பூர்ப் பக்கம் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். தாத்தா பாட்டி இருவருமே காலமாகிவிட்டிருந்ததால், தாய் வீடாக இருந்து செய்ய வேண்டியதெல்லாம் அம்மாவின் பொறுப்பு. யாரும் எந்தக் குறையும் சொல்லிவிடக் கூடாது என்று அம்மா ஒரு மாதமாகவே பரபரத்துக்கொண்டிருந்தாள்.

கர்ப்பமானதிலிருந்தே சித்திக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா பெரிய பெரிய பாட்டில்களில் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் வாடை என்று குமட்டினாள். நாங்கள் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்த ஊற்றுத் தண்ணீர் மட்டும் வயிற்றில் தங்கியது. வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட சித்தி, கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டு, “எக்கா, விருந்தெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த ஊத்துத் தண்ணியில ஒரு ரசம் மட்டும் வச்சுக் குடு, போதும்” என்றாள்.

வீட்டில் நான்கு கேன்களும் காலி. சித்தப்பா வேலையிலிருந்து வர இரவாகும். அம்மா கொஞ்ச நேரம் அடுக்களையில் நின்றாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்து, “ஏட்டி, கயித்த எடு” என்றாள்.

எங்களிடம் ஒரு மொபெட் இருந்தது. என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு உதவும் என்று அப்பா அம்மாவுக்காக வாங்கியது. அம்மா அதைக் குடியிருப்பு மைதானத்தைச் சுற்றி மட்டும்தான் ஓட்டியிருக்கிறாள். எங்கள் வாயிலுக்கு வெளியே அந்த வண்டி அம்மாவின் கையில் ஒரு தடவைகூடப் போனதில்லை. சித்தி கட்டிலிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். “எக்கா, வெளயாடாத. ரோட்டுல லாரி பஸ்ஸுன்னு எம்புட்டு வருது!” என்றாள். “வரட்டும், நான் ஓரமாப் போகுதேன்” என்றாள் அம்மா. என் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. பயத்தால் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது முழுக்க முழுக்க சந்தோஷம்.

வாயிலில் நின்ற காவலர், தடுப்புக் கம்பத்தை ஏற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி எங்களைப் பார்த்தார். அம்மா கொம்பு ஊதுகிற மாதிரி ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினாள். கம்பம் ஏறியது. “ஜாக்ரத்தம்மா!” என்று அவர் பின்னாலிருந்து கத்தியது, பத்திரமாகப் போங்கள் என்பது, எனக்குப் பட்டாளத்தை வழியனுப்புகிற முழக்கம்போலக் கேட்டது. மதிலோரமாக, முள்கம்பி நிழலோரமாக, ஒரு சைக்கிள்காரர்கூட எங்களை முந்திப் போகிற வேகத்தில் அம்மா வண்டியை ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைக் கட்டியிருந்த எனக்கு, அவள் மூச்சு விடுவதும் நிறுத்துவதும் கையில் தெரிந்தது. பஸ் வந்தால் மூச்சு நிற்கும், போனதும் வரும். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கயிறு நழுவி ஒரு கேன் சாலையில் உருண்டு ஓட, தேக்சா கழுவிக்கொண்டிருந்த ஓட்டல் பையன்கள் விசிலடித்துக்கொண்டே அதைத் துரத்திப் பிடித்து வந்து கொடுத்தார்கள். அம்மாவுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. அதற்குப் பிறகு அவள் கை கொஞ்சம் தளர்ந்தது. பாறைகள் ஆரம்பித்த இடத்தில், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரு மாட்டுவண்டியை நாங்கள் முந்தினோம். “முந்திட்டோம்மா!” என்று நான் கத்தினேன். “கத்தாதட்டி, விழுந்துருவேன்” என்றாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஊற்று இருந்த இடத்தில் நீல நிறத் தகரங்கள் நின்றன.

முதலில் இடம் மாறி வந்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஆனால் தகரங்களுக்கு மேலே அதே பாறை அடுக்கு தெரிந்தது. வெளியே சாலையோரம் அதே குடங்கள், அதே பெண்கள். ஒரே இரவில் சுற்றி வளைத்துக் கம்பம் நட்டுத் தகரம் அடித்திருந்தார்கள். வண்டிகள் உள்ளே போவதற்கு மட்டும் ஓரிடத்தில் அகலமாக ஒரு திறப்பு, அதன் முன்னால் கையில் செல்போனுடன் ஒரு மேற்பார்வையாளர். இனி இது ‘வெஞ்சர்’ என்றார் அவர். மனைகளாகப் பிரித்து விற்கப்போகும் நிலத்துக்கு ஹைதராபாத்தில் அப்போது எல்லாரும் சொன்ன பெயர் அது. உள்ளே யாரும் வரக் கூடாது, தண்ணீரும் உள்ளே இருப்பதால் அதுவும் எங்களுடையது என்று அவர் சொல்ல, ரஸியா ஆன்ட்டி நாடாவைச் சுழற்றிச் சுழற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“என்னவாம்ட்டி?” என்றாள் அம்மா. சொன்னேன். “நீ போய்ச் சொல்லு. வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா, நாளைக்கு வளைகாப்பு, இன்னைக்கு மட்டும் நாலு கேன் புடிச்சுக்கிடுதோம், கேளு” என்றாள். நான் நிமிர்ந்து நடந்து போய், என் இந்தியில் சொல்ல ஆரம்பித்தேன். மேற்பார்வையாளர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்து அப்பால் நகர்த்தி, “ஜா பாப்பா, கேல்னே ஜா” என்றார், போய் விளையாடு என்று. சுற்றி நின்ற ஒன்றிரண்டு கூலியாட்கள் சிரித்தார்கள். பெரியவர்கள் என் வாயைப் பார்த்து நிற்பதே பழகிப்போன எனக்கு, அந்தச் சிரிப்பு கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அம்மாவிடம் திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

அம்மா வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். ஒரு கேனைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“பாய் ஸாப், ஸுனோ” என்றாள், அண்ணே, கேளுங்கள் என்று.

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். அம்மா இந்தி பேசி அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

“மேரா தங்கச்சி...” என்று ஆரம்பித்து, சொல் கிடைக்காமல் திணறினாள். “பஹென்!” என்று எடுத்துக்கொடுத்தார் ரஸியா ஆன்ட்டி. “ஹவ், பஹென். பேட் மே பச்சா. பானி ஹோனா” என்றாள் அம்மா. தங்கை வயிற்றில் பிள்ளை, தண்ணீர் வேண்டும். மேற்பார்வையாளர் செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, இது எங்கள் நிலம் என்று மறுபடியும் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். “ஜமீன் துமாரா. பத்தர் துமாரா. டீக்” என்றாள், நிலம் உன்னுடையது, பாறையும் உன்னுடையது, சரி என்று. பிறகு காலடியில் தரையைக் காட்டி, “பானி நீச்சே ஸே ஆத்தா. நீச்சே கோன் கரீதா?” என்றாள்.

தண்ணீர் அடியிலிருந்து வருகிறது. அடியில் இருப்பதை எவன் விலைக்கு வாங்கினான்? இலக்கணம் ஒன்றுமே சரியில்லை. ஆனால் அங்கே நின்ற ஒருவருக்கும் புரியாமல் இல்லை. பெண்கள் கூட்டம் மொத்தமும் ‘ஹோ’வென்று சிரித்து ஆர்ப்பரித்தது. “க்யா போலீ மா, க்யா போலீ!” என்று ரஸியா ஆன்ட்டி அம்மாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், என்னமாய்ப் பேசிவிட்டாய் என்று.

அந்த நேரம் பார்த்து, வேலிக் கம்பங்கள் ஏற்றிய லாரி ஒன்று உள்ளே போவதற்காகத் திரும்பி ஹாரன் அடித்தது. எல்லாரும் ஒதுங்கினார்கள். அம்மா ஒதுங்கவில்லை. கையிலிருந்த மஞ்சள் கேனை அந்தத் திறப்புக்கு நடுவில், லாரியின் வழியில் வைத்தாள். வைத்துவிட்டு, என்ன செய்தோம் என்று தனக்கே தெரியாததுபோலக் கொஞ்சம் தள்ளி நின்றாள். ரஸியா ஆன்ட்டி அதைப் பார்த்தார். தன் பித்தளைக் குடத்தைத் தூக்கிவந்து கேனுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு வாளி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு குடம். எங்களுடைய மீதி மூன்று கேன்களையும் அவிழ்த்து ஓடிப்போய் வைத்தது நான். கண்மூடித் திறப்பதற்குள் அந்தத் திறப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குடங்கள் வரிசை கட்டிவிட்டன.

மேற்பார்வையாளர் லாரிக்காரரைப் பார்த்து ஏற்று, ஏற்று என்று கையசைத்தார். லாரிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தார். லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு தெலுங்குக்காரர். குடங்களை ஒரு முறை பார்த்தார், மேற்பார்வையாளரை ஒரு முறை பார்த்தார். “பிந்தெல மீத லாரி எக்கிஸ்தானா? நா வல்ல காது” என்றார், குடங்களின் மேல் லாரி ஏற்றுவேனா, என்னால் ஆகாது என்று. சொல்லிவிட்டு, தாகமாக இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் தகரத்துக்குள் நடந்துபோய், கையைக் குவித்துக் குடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொரு லாரியும் வந்து நின்றது. சாலையில் போகிறவர்களெல்லாம் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். மேற்பார்வையாளர் யார் யாருக்கோ போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். வெயிலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் போனைப் பையில் போட்டுவிட்டு, எங்களைப் பார்க்காமல் பாறையைப் பார்த்து, “பர்லோ. ஜல்தீ பர்லோ” என்றார். சீக்கிரம் பிடித்துக்கொண்டு போங்கள்.

அன்றைக்குப்போல ஒரு கூச்சலை நான் அந்த ஊற்றில் கேட்டதில்லை. முதல் தண்ணீர் அம்மாவின் கேனுக்கு என்று ரஸியா ஆன்ட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார், யாரும் மறுக்கவில்லை. கேன் நிறைகிற ‘களகள’ சத்தம் கழுத்துக்கு வர வர மெலிந்து மெலிந்து ஒரு சீட்டியாக மாறுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நிறைந்த கேனை அம்மா தூக்கப்போனாள். லாரிக்காரர்தான் நான்கையும் தூக்கிவந்து வண்டியில் கட்டிக்கொடுத்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் அம்மா சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள். தொழிற்சாலை மதில் வந்த பிறகுதான், தலையைத் திருப்பாமல், “நான் பேசினது சரியாட்டி?” என்றாள்.

“ஹவ்” என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை.

மறுநாள் சித்தி வளையல் அடுக்கிய கைகளோடு மணையில் உட்கார்ந்து, ரசத்தை டம்ளரில் ஊற்றி வாங்கிக் குடித்தாள்; இன்னொரு டம்ளரும் கேட்டாள். ரஸியா ஆன்ட்டி ஒரு டப்பா நிறையப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் வாங்கிவந்து, தானே சித்தியின் கையில் போட்டுவிட்டார். சாப்பாட்டுக்குப் பின் அவரும் அம்மாவும் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். நான் வழக்கம்போல நடுவில் போய் உட்கார்ந்தேன். அம்மா பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் கைகளாலும் பேசினாள். ரஸியா ஆன்ட்டிக்கு எல்லாம் புரிந்தது. யாரும் என் வாயைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, எனக்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்துபோய், விளையாடப் போய்விட்டேன். அன்றைக்கு ஏன் விளையாட்டில் மனம் ஒட்டவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

தகர வேலி போகவில்லை. ஆனால் சில நாட்களில், நிலத்துக்காரரே சொன்னாரோ, வம்பு வேண்டாம் என்று மேற்பார்வையாளர் செய்தாரோ, தகரத்தில் ஓர் ஓட்டை போட்டு ஊற்றின் குழாயை நீட்டிச் சாலைப் பக்கம் விட்டிருந்தார்கள். குடங்கள் மறுபடியும் வரிசையில் நின்றன. ஊரிலிருந்து திரும்பிய அப்பா நடந்ததையெல்லாம் கேட்டு நம்பாமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓட்டிய மொபெட்டின் பின்னால் இரண்டு கேன்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவந்தார். “மெதுவாப் போயேன், மெதுவாப் போயேன்” என்று அவர் சொன்னது காஞ்சன்பாக் முழுக்கக் கேட்டிருக்கும்.

சில வருடங்கள் அப்படிப் போயின. மனைகளில் வீடுகள் வந்தன, வீடுகளுக்கு ஆழ்குழாய்கள் வந்தன, பிறகு பாறைகளை வெடிவைத்து உடைத்து அடுக்குமாடிகள் வந்தன. விரல் பருமனில் விழுந்த தண்ணீர் நூலாகி, சொட்டாகி, ஒரு கோடையில் நின்றது. அடுத்த மழைக்கும் வரவில்லை. ரஸியா ஆன்ட்டி மகனோடு வேறு பக்கம் குடிபோய்விட்டார். சித்தியின் மகன் இப்போது என்னைவிட உயரம்.

போன மாதம் அம்மாவைக் காரில் அழைத்துக்கொண்டு ஏதோ வேலையாக அந்தச் சாலையில் போனேன். எவ்வளவு மெதுவாக ஓட்டியும் இடம் பிடிபடவில்லை. பாறை ஒன்றுகூட மிச்சமில்லாத ஊரில் அடையாளத்துக்கு எதைப் பார்ப்பது? ஓர் அடுக்குமாடியின் வாசலில் நிறுத்தச் சொல்லி, அம்மா இறங்கிப்போய்க் காவலாளியிடம் விசாரித்தாள். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன். ஊற்றா, இங்கேயா என்று சிரித்தான். இந்த இடத்தில் தண்ணீரே கிடையாது, அம்மா, எல்லாம் டேங்கர்தான் என்று இந்தியில் சொன்னான். வெயிலாக இருக்கிறது என்று தன் நாற்காலியை இழுத்துப்போட்டான்.

அம்மா உட்கார்ந்து அவனுக்கு அந்த நாளின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். தகரம், லாரி, குடங்கள் எல்லாவற்றையும், தங்குதடையில்லாத, இன்றைக்கும் இலக்கணம் சரியில்லாத அவளுடைய இந்தியில். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு பேர் முன்னால் பேச உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டான் அவன்.

“பஹுத் டர் தா” என்றாள் அம்மா, ரொம்பப் பயமாகத்தான் இருந்தது என்று. “பானி நை மிலா தோ நை மிலா, வாபஸ் ஜாத்தே. லேகின் மேரி பச்சீ ரோ ரயி தி நா.”

தண்ணீர் கிடைக்காவிட்டால் போகிறது, திரும்பிப் போயிருப்போம். ஆனால் என் பிள்ளை அழுதுகொண்டிருந்தாளே.

அவன் பதில் சொல்வதற்குள் தண்ணீர் டேங்கர் ஒன்று வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அவன் கேட்டைத் திறக்க ஓடினான். அம்மா நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, டேங்கர் சாலையெல்லாம் சிந்திக்கொண்டு உள்ளே போகும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.